எகிப்தியச் சுவர்ப்படங்களில் தெய்வங்களும் சின்னங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவரில் படம் எழுதுவது என் தொழில். வீடு, காபிக் கடை, ஹோட்டல் வரவேற்பறை, எங்கே கூப்பிட்டாலும் போவேன். "எகிப்து மாதிரி ஏதாவது போடுங்க, அந்த நாய்த்தலை சாமி, அப்புறம் அந்தக் கண்ணு" என்று ஆரம்பிக்கிறவர்கள் நிறைய. வேலை முடிவதற்குள் அவர்கள் கேட்கிற கேள்விகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். சாரத்தில் நின்றுகொண்டு அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

இந்தப் படங்களை எகிப்தியர்கள் அழகுக்காகவா வரைந்தார்கள்?

நாம் இன்று சட்டம் போட்டு மாட்டுகிற எகிப்தியப் படங்களில் பெரும்பாலானவை கல்லறைச் சுவர்களிலிருந்து வந்தவை. புதைத்த அறையை மூடி முத்திரை வைத்துவிட்டால் அங்கே யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. பார்க்க ஆளில்லாத சுவருக்கு இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம், அந்தப் படங்களுக்கு வேலை இருந்தது. சுவரில் ரொட்டியும் வாத்தும் வரைந்தால் இறந்தவருக்கு அவை கிடைக்கும். தெய்வம் கையைப் பிடித்து அழைத்துப் போவதாக வரைந்தால் அந்தப் பயணம் நடக்கும். எழுதினால் நடக்கும், வரைந்தால் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

பிரபுக்களின் கல்லறைகளில் மேலே ஒரு வழிபாட்டு அறை இருக்கும். அங்கே உறவினர்கள் வந்து படைப்பார்கள், சுவர்களைப் பார்க்கவும் செய்வார்கள். கோயில் என்றால் உள்ளறைகளுக்குள் அரசனும் பூசாரிகளும் மட்டும்தான். ஊர் மக்களுக்கு வெளிச்சுவரும் முன்முற்றமும்.

என்னிடம் ஒரு அழகான ராணியின் படம் இருக்கிறது, வெள்ளை உடை, தலையில் கழுகு. யார் அது?

பெரும்பாலும் நெஃபர்தாரி. இரண்டாம் ராம்செஸின் பட்டத்து ராணி, கி.மு. 13ஆம் நூற்றாண்டு. என்னிடம் "இதே மாதிரி வேணும்" என்று கொண்டுவரும் படங்களில் பாதி, நைல் கரையில் இருக்கும் லக்சர் நகருக்கு எதிர்க்கரையில் ராணிகள் பள்ளத்தாக்கில் இருக்கும் இவருடைய கல்லறையில் எடுத்தவை. 1904இல் இத்தாலியரான எர்னஸ்தோ ஸ்கியாபரெல்லி அதைக் கண்டுபிடித்தபோது கொள்ளையர்கள் எப்போதோ வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். சுவர்களை அவர்களால் எடுத்துப் போக முடியவில்லை.

அந்தச் சுவர்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அங்கே பாறை நல்ல பாறை இல்லை; பொடிப்பொடியாக உதிரும் சுண்ணாம்புக்கல். அதனால் மேலே கனமாகச் சாந்து பூசி, அந்தச் சாந்திலேயே மெல்லிய புடைப்பாக உருவங்களைச் செதுக்கி, பிறகு வண்ணம் தீட்டினார்கள். ஓரிடத்தில் ராணி தனியாக உட்கார்ந்து செனெட் என்ற காய் விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறார். எதிரே ஆளே இல்லை. எதிராளி விதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜெயித்தால் மறுமை. பக்கத்திலேயே மனிதத் தலை கொண்ட பறவையாக அவருடைய 'பா', அதாவது உயிரின் நடமாடும் பகுதி. இன்னொரு சுவரில் அரிவாள்மூக்கன் தலையுடைய எழுத்துத் தெய்வம் தோத் முன்னால் நின்று எழுதுபலகையும் மைக்கிண்ணமும் கேட்கிறார். நகை, மாலை எல்லாம் போட்டுக்கொண்டு போய் ஒரு ராணி எழுத்துக் கருவி கேட்கிற அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கன்னத்திலும் கழுத்திலும் சிவப்பைக் கூட்டிக் குறைத்து நிழல் காட்டியிருக்கிறார்கள்; எகிப்திய ஓவியத்தில் இது அபூர்வம், பொதுவாக அவர்கள் ஒரே நிறத்தைத் தட்டையாக அடித்துவிட்டுப் போவார்கள். மேலே விதானம் கருநீலம், அதில் மஞ்சள் ஐந்துமுனை நட்சத்திரங்கள். இத்தனை சுவரிலும் ராம்செஸ் ஓரிடத்தில்கூட வரவில்லை. எகிப்து முழுக்கத் தன் உருவத்தை நட்டுவைத்த மனிதர் மனைவியின் கல்லறையில் மட்டும் ஒதுங்கி நிற்கிறார்.

அந்த ஓவியம் இன்றைக்கு மிஞ்சியிருப்பதும் ஒரு கதைதான். பாறைக்குள் இருந்த உப்பு ஈரத்தில் கரைந்து, வெளியே வந்து காய்ந்து படிகமாகி, சாந்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. நம் ஊரில் பழைய சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிந்து விழுமே, அதே வியாதி. 1986 முதல் 1992 வரை எகிப்தியத் தொல்பொருள் துறையும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து காப்பாற்றின. முதல் வேலையாக, விழப்போகும் துண்டுகளைப் பிடித்து நிறுத்த ஜப்பானிய முசுக்கட்டைப் பட்டைக் காகிதத்தில் 10,000க்கும் மேற்பட்ட சிறு பட்டைகளைச் சுவரில் ஒட்டினார்கள். காணாமல் போன இடங்களில் புதிதாக வரைந்து நிரப்பவில்லை. நீங்கள் வாங்கும் அச்சுப்படத்தில் எந்தச் சேதமும் இல்லாமல் பளிச்சென்று இருந்தால், அது யாரோ கணினியில் நிரப்பியது.

எந்தத் தெய்வம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பார்க்காதீர்கள், தலைக்கு மேலே பாருங்கள். முகங்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். தலைமேல் இருப்பதுதான் பெயர்ப்பலகை, பல சமயம் அந்தத் தெய்வத்தின் பெயரை எழுதும் எழுத்தே அங்கே உட்கார்ந்திருக்கும்.

தலையில் சிம்மாசனம் இருந்தால் ஐசிஸ். கூடை வைத்த வீடு இருந்தால் அவள் தங்கை நெஃப்திஸ். ஒற்றைத் தீக்கோழி இறகு இருந்தால் மாட் என்ற தெய்வம். உண்மை, ஒழுங்கு, நீதி மூன்றுக்கும் சேர்த்து அவர்களிடம் அந்த ஒரே சொல்தான் இருந்தது. நம்முடைய 'அறம்' ஏறக்குறைய பொருந்தும். உயரமான இரண்டு இறகுகள் அமுன். வல்லூறுத் தலைக்கு மேல் சிவப்பு வட்டம் இருந்தால் ரா-ஹோரக்தி, வெள்ளையும் சிவப்பும் கலந்த இரட்டைக் கிரீடம் இருந்தால் ஹோரஸ். இந்த இரண்டையும் கடைக்காரர்கள் தவறாமல் மாற்றி எழுதிவைப்பார்கள். பச்சை அல்லது கருப்பு முகம், துணி சுற்றிய உடல், கையில் கொக்கியும் சாட்டையும் என்றால் மறுமையின் அரசன் ஒசிரிஸ். அதே மம்மி உருவம்தான், ஆனால் தலையோடு ஒட்டிய நீலத் தொப்பி, நேரான தாடி என்றால் கைவினைஞர்களின் தெய்வம் ப்தா. என் தொழிலுக்குக் குலதெய்வம் என்று வேண்டுமானால் இவரைச் சொல்லிக்கொள்ளலாம்.

சிக்கல் ஒன்று உண்டு. பசுக்கொம்பும் நடுவில் சூரிய வட்டமும் முதலில் ஹாத்தோருக்கு உரியவை. பிற்காலத்தில் ஐசிஸும் அதை வாங்கிக்கொண்டாள். நெஃபர்தாரியைக் கைபிடித்து அழைத்துப் போகும் ஐசிஸ்கூட அப்படித்தான் கொம்போடு நிற்கிறாள். அங்கெல்லாம் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைப் படித்தால்தான் உண்டு. அதில் சிம்மாசன எழுத்து தெரிந்தால் ஐசிஸ், கட்டத்துக்குள் வல்லூறு தெரிந்தால் ஹாத்தோர்.

விலங்குத் தலை எதற்கு? சாமி உண்மையிலேயே அப்படித்தான் இருப்பார் என்று நம்பினார்களா?

தெய்வத்தின் உண்மை வடிவம் மனிதனுக்குத் தெரியாது, அது மறைந்தது என்று அவர்களுடைய பாடல்களே சொல்கின்றன. விலங்குத் தலை ஒரு குறிப்பு மட்டும்: இந்தச் சக்தி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான அடையாளம். செக்மெத் பெண் சிங்கம், ஏனென்றால் கோபம் வந்தால் நோய் பரவும். சோபெக் முதலை. க்னூம் செம்மறிக்கடா, குயவர் சக்கரத்தில் மனிதரை வனைகிறவர். அதே ஹாத்தோர் ஓரிடத்தில் பெண், ஓரிடத்தில் பசு, ஓரிடத்தில் பசுக்காது வைத்த பெண்முகம். நெஃபர்தாரி கல்லறையில் கெப்ரி என்ற காலைச் சூரியனுக்குக் கழுத்துக்கு மேல் முகமே இல்லை, முழு வண்டு ஒன்று அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதை நிஜ உருவமென்று யாரும் நம்பியிருக்க முடியாது. யானைமுகனையும் ஆறுமுகனையும் கும்பிட்டு வளர்ந்த நமக்கு இது புரியக் கஷ்டமில்லை. "ஐயோ, மிருகத்தைக் கும்பிட்டார்களே" என்று பழைய ரோமானியர்கள்தான் கிண்டல் செய்தார்கள்.

அனுபிஸ் படத்தை வீட்டில் மாட்டலாமா? மரணத்தின் கடவுள் இல்லையா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். அனுபிஸ் உயிரை எடுக்கிறவர் இல்லை. அவர் எமன் வேலை பார்ப்பதில்லை. உடலைப் பதப்படுத்துவார், கல்லறையைக் காவல் காப்பார், இறந்தவரின் இதயத்தை மாட் தெய்வத்தின் இறகுக்கு எதிரே தராசில் வைக்கும்போது முள்ளைச் சரிபார்ப்பார். காவலாளி என்று வைத்துக்கொள்ளலாம்.

கருப்பு நிறத்தைப் பார்த்துத்தான் பயம் வருகிறது. அவர்களுக்குக் கருப்பு துக்க நிறமே இல்லை. நைல் வெள்ளம் வடிந்த பிறகு வயலில் தங்கும் வண்டல் மண்ணின் நிறம் அது. தங்கள் நாட்டையே 'கெமெத்', கருப்பு மண் என்றுதான் அழைத்தார்கள். மறுபடி முளைப்பதன் நிறம். உண்மையில் அந்தப் பக்கத்து நரியினம் மணல் நிறம்தான், ஓவியர்கள் வேண்டுமென்றே கருப்பாக்கினார்கள்.

வாஸ்து கணக்கெல்லாம் எகிப்தில் கிடையாது. எனவே மாட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில், மாட்டலாம். ஆனால் கல்லறைத் தொழிலாளர்களின் ஊரான டெயிர் எல்-மெதினாவில் 1886இல் கண்டுபிடித்த சென்னெஜெம் என்ற கைவினைஞரின் கல்லறையில் இருப்பதுபோல, கட்டிலில் கிடக்கும் மம்மியின் மேல் அனுபிஸ் குனிந்து நிற்கிற காட்சியைச் சாப்பாட்டு அறைக்குக் கேட்டால் நான் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். அது பிணத்துக்குச் சடங்கு செய்யும் படம். சாமி குத்தம் என்று சொல்லவில்லை, சாப்பிடும்போது எதிரே அது வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். அதே கல்லறையில் கணவனும் மனைவியும் மறுமையின் வயலில் ஏர் உழுது, ஆளுயரக் கதிர் அறுக்கிற சுவர் ஒன்று இருக்கிறது. கீழே பழமரங்கள், சுற்றிலும் வாய்க்கால். அதைப் போடுங்கள்.

அப்படியானால் எகிப்தியர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் என்ன வரைந்தார்கள்?

நல்ல கேள்வி, ஆனால் இதை யாரும் கேட்பதில்லை, நானாகவே சொல்வேன். வீடுகளும் அரண்மனைகளும் மண் செங்கல்லால் கட்டியவை என்பதால் பெரும்பாலும் கரைந்துவிட்டன. மிஞ்சியதை வைத்துப் பார்த்தால் வீட்டு நாயகன் பெஸ். குள்ளமான உருவம், பிதுங்கிய நாக்கு, சிங்கப் பிடரி, நேராக நம்மைப் பார்த்து முறைக்கும் முகம். மற்ற தெய்வங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்க, இவர் முழு முகம் காட்டுவார். கெட்டதைப் பயமுறுத்தத் திரும்பிக்கொண்டிருந்தால் எப்படி? டெயிர் எல்-மெதினாவில் கல்லறைத் தொழிலாளர்கள் குடியிருந்த வீடுகளில் இவர் உருவம் கிடைத்திருக்கிறது. மல்கட்டாவில் மூன்றாம் அமென்ஹோடெப்பின் அரண்மனைப் படுக்கையறைச் சுவரிலும் வரிசையாக இவர்தான். கட்டடத் தொழிலாளிக்கும் அரசனுக்கும் தூங்கும்போது துணை ஒன்றே. பிரசவத்துக்குத் துணை, நிற்கும் நீர்யானை வடிவில் வரும் தவெரெத்.

அப்புறம் பறவைகள். அக்கெனாதென் என்ற அரசன் தலைநகராக்கிய அமர்னாவில், வடக்கு அரண்மனையில் 'பச்சை அறை' என்று ஒன்று. சுவர் முழுக்கப் பாப்பிரஸ் கோரைப் புதர், அதற்குள் புறாக்கள், தலைகீழாகத் தண்ணீருக்குள் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி. நம் ஏரிகளில் படபடவென்று ஒரே இடத்தில் சிறகடித்து நின்றுவிட்டுத் தொப்பென்று விழுமே, அதே இனம். வீட்டுக்கு எகிப்தியப் படம் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். பத்தில் ஒன்பது பேர் "சாமி படம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அனுபிஸுக்கே திரும்பிப் போவார்கள், அது வேறு.

அங்க் என்றால் என்ன? சிலுவையா?

மேலே வளையம் வைத்த அந்தச் சின்னம் ஓர் எழுத்து. 'அங்க்' என்று ஒலிக்கும், 'உயிர்', 'வாழ்' என்று பொருள். துத்-அங்க்-அமுன் என்ற பெயருக்குள்ளும் அதுதான் இருக்கிறது: அமுனின் உயிருள்ள உருவம். கண்ணாடிக்கும் இதே ஒலியில் சொல் இருந்ததால், துத்தன்காமுனின் கல்லறையில் கண்ணாடி வைக்கும் பெட்டியையே அங்க் வடிவில் செய்து வைத்திருந்தார்கள். சிலேடை நமக்கு மட்டும் சொந்தமில்லை.

படத்தில் அதை யார் வைத்திருக்கிறார்கள், எங்கே நீட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். தெய்வங்கள் வளையத்தைப் பிடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள், சாவிக்கொத்து மாதிரி. அரசனுக்குக் கொடுக்கும்போது நேராக மூக்கருகே நீட்டுவார்கள், ஏனென்றால் உயிர் மூச்சு வழியாகத்தான் நுழைகிறது. அமர்னா சுவர்களில் சூரிய வட்டமான ஆதெனிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கதிரும் ஒரு சின்னக் கையாக முடியும். அரசன், அரசி மூக்கருகே வரும் கைகளில் மட்டும் அங்க் இருக்கும். மற்றவர்களுக்கு வெறும் வெளிச்சம். பிற்காலத்தில் எகிப்தின் கோப்திக் கிறிஸ்தவர்கள் இதைச் சிலுவையாக எடுத்துக்கொண்டது உண்மை, ஆனால் அது பிறந்து 3,000 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஹோரஸின் கண் 'எல்லாம் பார்க்கும் கண்' தானே?

இல்லை, குணமான கண். எதிரித் தெய்வமான சேத்தோடு நடந்த சண்டையில் ஹோரஸின் கண் பறிபோகிறது, தோத் அதைச் சரிசெய்து கொடுக்கிறார். 'வெஜத்' என்ற பெயருக்கே 'முழுமையானது, நலமானது' என்று பொருள். அதனால்தான் மம்மியின் மேலும் படகின் முன்புறத்திலும் வைத்தார்கள். கண் மனிதக் கண், கீழே இறங்கும் கோடும் சுருளும் வல்லூறின் முகத்தில் இருக்கும் குறிகள். டாலர் நோட்டில் பிரமிடின் மேல் இருக்கும் கண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்தக் கண்ணின் ஆறு பகுதிகள் 1/2, 1/4 என்று 1/64 வரை பின்னங்களைக் குறிக்கும் என்று ஒரு படம் சுற்றிவரும். அழகான கணக்குதான். எகிப்தியர்கள் தானிய அளவுக்கு அந்தப் பின்னங்களைப் பயன்படுத்தியதும் நிஜம். ஆனால் அந்த எழுத்துகள் கண்ணைத் துண்டாக்கிச் செய்தவை அல்ல என்று பிற்காலத்து ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். சுவரில் அந்தப் பின்னங்களை எழுதச் சொல்லிக் கேட்டால் நான் எழுதுவதில்லை.

வண்டு?

சாணி உருட்டும் வண்டு. உருண்டையை உருட்டிக்கொண்டு போவது சூரியனை வானத்தில் தள்ளிக்கொண்டு போவதுபோல் தெரிந்தது. உருண்டைக்குள்ளிருந்து குஞ்சு வெளிவருவது தானே தன்னைப் பிறப்பித்துக்கொள்வதுபோல். 'கெப்பெர்' என்றால் 'ஆகு, உருவாகு'. எந்த ஊர்க் குழந்தையும் குனிந்து பார்க்கிற பூச்சி, அவர்கள் அதில் காலைச் சூரியனைப் பார்த்தார்கள்.

ஓரங்களில் திரும்பத் திரும்ப வரும் மற்றச் சின்னங்கள் என்ன?

நான்கு அடுக்குத் தட்டு வைத்த தூண் ஜெத், ஒசிரிஸின் முதுகெலும்பு, 'நிலைபெறு'. கைகள் தொங்கிய அங்க் மாதிரி இருக்கும் முடிச்சு ஐசிஸின் 'தியெத்', பெரும்பாலும் சிவப்பு. விலங்குத் தலையும் பிளந்த அடியும் கொண்ட நீளக் கோல் 'வாஸ்', ஆட்சி. கயிற்று வளையம் 'ஷென்', முடிவற்றது. அதையே நீட்டினால் அரசர் பெயரைச் சுற்றிவரும் நீள்வட்டம். வாசலுக்கு மேல் சிறகு விரித்த சூரியன் வருவது காவலுக்கு, அதை வீட்டிலும் வாசல் நிலைக்கு மேலே போட்டால்தான் பொருத்தம். ஜெத்தும் தியெத்தும் மாறி மாறி வரும் பட்டையை ஓர அலங்காரமாக நான் நிறையப் போட்டிருக்கிறேன், எகிப்தியர்களே அப்படித்தான் போட்டார்கள்.

தாமரை என்று எல்லாரும் சொல்வது தாமரை இல்லை. அது நீல அல்லி, நம் நீலாம்பலுக்கு நெருங்கிய சொந்தம். உண்மைத் தாமரை எகிப்துக்குப் போனது பாரசீகர் காலத்தில்தான்.

பொல்லாத சின்னங்கள் ஏதாவது உண்டா?

எகிப்தியர்களுக்கே அந்தப் பயம் இருந்தது. வரைந்தது உயிர்பெறும் என்றால் வரைந்த பாம்பு கடிக்கும் அல்லவா? சக்காராவில் பிரமிடுகள் சிலவற்றின் உள்ளே எழுத்தாக வரும் சிங்கத்தை இரண்டாக வெட்டி இடைவெளி விட்டு எழுதியிருக்கிறார்கள். அபோபிஸ் என்ற இருள் பாம்பைச் சுவரில் காட்டினால் கூடவே கத்தியும் காட்ட வேண்டும். இன்ஹெர்கா என்பவரின் கல்லறையில் நீளக் காது வைத்த ஒரு பூனை, மரத்தடியில் ஒரு காலால் அந்தப் பாம்பை அழுத்திக்கொண்டு மறுகாலில் கத்தியோடு அறுக்கிறது. அந்தப் பூனை சூரியக் கடவுள் ரா.

இதைவிட எனக்குப் பிடித்தது முதலாம் சேத்தி என்ற அரசரின் சங்கடம். அவர் பெயருக்கே 'சேத்தைச் சேர்ந்தவர்' என்று பொருள்; சேத்தோ ஒசிரிஸைக் கொன்றவர். ஒசிரிஸின் ராஜ்யத்துக்குப் போகும் கல்லறையில் கொலைகாரனின் உருவத்தைப் பெயரில் எழுதிவைத்தால் நன்றாகவா இருக்கும்? எனவே 1817இல் இத்தாலியரான பெல்சோனி கண்டுபிடித்த அவருடைய கல்லறையில் சேத்தின் உருவத்துக்குப் பதிலாக ஒசிரிஸின் உருவத்தைப் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

உடம்பு ஏன் அப்படித் திருகிக்கொண்டு நிற்கிறது? நேராக வரையத் தெரியாதா?

தெரியும். முகம் பக்கவாட்டில், கண் நேராக, தோள் நேராக, கால் பக்கவாட்டில். ஒவ்வோர் உறுப்பும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் முழுதாகத் தெரியுமோ அந்தப் பக்கத்தைக் கொடுத்தார்கள். மறைந்துபோன கை மறுமையில் இல்லாமலே போய்விட்டால்? அளவுக்குக் கட்டம் போட்டார்கள்: நூலைச் சிவப்பு மையில் தோய்த்துச் சுவரில் சுண்டிக் கோடு விழவைப்பார்கள். நிற்கும் உருவத்துக்குப் பாதம் முதல் நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டம், உட்கார்ந்தால் 14. நம் கொத்தனார்களும் தச்சர்களும் இன்றைக்கும் நூல் அடிக்கிறார்களே, அதே வேலைதான். என் பங்குக்கு நானும் இந்த 18 கட்டக் கணக்கை வைத்துத்தான் எகிப்திய உருவங்களை வரைகிறேன். கண்மட்டத்தில் வரைந்தால் கால் நீண்டு சினிமா போஸ்டர் மாதிரி ஆகிவிடும்.

என்ன வண்ணம் பயன்படுத்தினார்கள்? இன்று அதே நிறம் கிடைக்குமா?

செங்காவி, மஞ்சள் காவி, கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு அல்லது ஜிப்சம். இவை கிட்டத்தட்ட எந்தப் பெயின்ட் கடையிலும் கிடைக்கும். எலுமிச்சை மஞ்சளுக்கு அரிதாரமும் பயன்படுத்தினார்கள். அது ஆர்சனிக், நீங்கள் கிட்டப் போக வேண்டாம். ஒட்டுவதற்கு வேல மரத்துப் பிசின். நம் கருவேலத்தின் தாவரவியல் பெயரிலேயே நைல் இருக்கிறது (நிலோட்டிகா). காய்ந்த பூச்சின் மேல்தான் தீட்டினார்கள், ஈரச் சாந்தில் இல்லை. அதனால் அந்த ஓவியங்களில் ஈரக்கை பட்டால் போச்சு.

நீலம்தான் அவர்களுடைய சாதனை. மணல், சுண்ணாம்பு, செம்பு, கொஞ்சம் காரம் சேர்த்து 850 முதல் 1,000 டிகிரி வரை சூடாக்கி, வந்த கட்டியை அரைத்துத் தூளாக்கினார்கள். மனிதன் செய்த செயற்கை வண்ணங்களில் மிகப் பழையது. கரடாக அரைத்தால் அடர்நீலம், நைசாக அரைத்தால் வெளிர்நீலம். இதில் ஒரு விந்தை: சிவப்பு ஒளி பட்டால் அகச்சிவப்பில் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாமல் அழிந்துபோன நீலத்தையும் அதற்கான கேமராவில் பார்த்தால் துணுக்குத் துணுக்காக மின்னும். அழிந்த ஓவியங்களை இப்படித்தான் படிக்கிறார்கள்.

'எகிப்து என்றாலே மணல் நிறம்' என்று நினைப்பவர்கள் எஸ்னா கோயில் படங்களைப் பார்க்க வேண்டும். நூற்றாண்டுக் கணக்கில் படிந்த புகைக்கரியை 2018இலிருந்து எகிப்திய, ஜெர்மானியக் குழு துடைத்து எடுக்க, உள்ளே சிவப்பும் நீலமும் மஞ்சளும் அப்படியே இருந்தன. பாலைவன நிறம் நம் காலத்துக் கற்பனை.

பக்கத்தில் இருக்கும் எழுத்துகளை அப்படியே விட்டுவிடலாமா, மாற்றிப் போடலாமா?

இதில் நான் சூடுபட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் தெய்வம் வாசலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். நானும் உருவத்தை மட்டும் இடவலமாகத் திருப்பிவிட்டு, எழுத்து வரிசையை மூலத்தில் இருந்தபடியே வரைந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது: எகிப்திய எழுத்தை இரண்டு பக்கமும் எழுதலாம், ஆனால் ஓர் உருவத்துக்கு உரிய எழுத்தில் வரும் பறவைகளும் மனிதர்களும் அந்த உருவம் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். நான் வரைந்த சுவரில் தெய்வம் ஒரு பக்கம் பார்க்கிறது, அது பேசும் பேச்சு அடுத்த பக்கம் பார்க்கிறது. வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை, போய்ச் சொந்தச் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

எனவே முழுதாகத் திருப்புங்கள், அல்லது திருப்பாதீர்கள். படிக்கும்போது பறவைகளின் முகத்தை நோக்கிப் போக வேண்டும். அவை இடப்பக்கம் பார்த்தால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

பாப்பிரஸில் வரைந்த படம் என்று விற்கிறார்களே, அசலா?

வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அசல் என்றால் தண்டுப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும்; லேசாகச் சுருட்டினாலும் உடையாது. வாழை நாரில் செய்த போலியில் அந்தப் பின்னல் இருக்காது, மடித்தால் விரிசல் விடும். பாப்பிரஸ் செய்யும் கலையே எகிப்தில் மறைந்துபோய், 1960களில் ஹசன் ரகாப் என்பவர்தான் மறுபடி உயிர்கொடுத்தார். ஆகவே கடையில் 'பழங்காலப் பாப்பிரஸ்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நல்ல படம் வேண்டுமென்றால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பைப் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியர் நீனா டேவிஸ் அசல் சுவர்களின் முன்னால் உட்கார்ந்து அதே அளவில் நகலெடுத்த ஓவியங்கள் நிறைய அங்கே இருக்கின்றன, மேலே சொன்ன மீன்கொத்தி உட்பட. 2017 முதல் உரிமைக் காலம் முடிந்த படங்களை இலவசமாகவே தருகிறார்கள்.

மின்விளக்கும் ஹெலிகாப்டரும் வரைந்திருக்கிறார்களாமே?

டெண்டெரா கோயிலில் 'பல்பு' என்று காட்டுவது, அல்லிப் பூவிலிருந்து வெளிவரும் பாம்பு; பக்கத்திலேயே அது என்ன சிலை என்று எழுதியிருக்கிறது. அபிடோஸ் கோயில் 'ஹெலிகாப்டர்', சேத்தியின் பட்டப்பெயரைச் சாந்து பூசி மூடி அதன்மேல் மகன் ராம்செஸ் தன் பட்டத்தைச் செதுக்க, பிற்காலத்தில் சாந்து உதிர்ந்து இரண்டு எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவது. அவ்வளவுதான்.

தமிழர்களுக்கும் எகிப்துக்கும் தொடர்பு உண்டா?

வியாபாரத்தில் உண்டு. இரண்டாம் ராம்செஸின் மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது. செங்கடல் துறைமுகமான குசேர் அல்-கதீமில் தமிழ் பிராமியில் 'பானை ஒறி' (பானை தொங்கும் உறி) என்று எழுதிய பானை ஓடு கிடைத்திருக்கிறது, பெரெனிக்கேயில் ஏழரை கிலோ மிளகு ஒரு இந்தியச் சாடியோடு கிடைத்திருக்கிறது. ஆனால் இந்தச் சுவர்த் தெய்வங்களுக்கும் நம் தெய்வங்களுக்கும் வம்சாவளி போடும் வாட்ஸ்அப் செய்திகளை நான் நம்புவதில்லை. ரா என்ற ஒலி ஒத்துப்போனதும் ராமன் என்று சொல்லிவிட முடியாது.

நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

துத்தன்காமுன் கல்லறையில் புதைத்த அறை ஒன்றில் மட்டும்தான் ஓவியம். மேற்குச் சுவரில் இரவின் முதல் மணிநேரத்தைக் காட்டும் 12 பபூன் குரங்குகள். கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அதே கரையில், அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் தங்கிய வீட்டுப் பக்கம் 2014இல் திறந்த முழு நகல் இருக்கிறது. வண்ணத் துணுக்குவரை அசலைப் போலச் செய்திருக்கிறார்கள், மூச்சுக்காற்றால் பாழாகுமே என்ற குற்றவுணர்வு இல்லாமல் நின்று பார்க்கலாம்.

படம் வரைகிறவர் என்றால் அரசர்கள் பள்ளத்தாக்கில் ஹோரெம்ஹெப் கல்லறைக்குப் போங்கள். வேலை முடிவதற்குள் அரசர் இறந்துவிட்டதால் பாதியில் நிற்கும் சுவர்கள் அங்கே உள்ளன. முதலில் சிவப்புக் கட்டம், அதற்குள் யாரோ ஓர் உதவியாளர் சிவப்பில் போட்ட உருவம், அதன்மேல் மேஸ்திரி கருப்பில் இழுத்த திருத்தம். அடுத்த சுவரில் பாதி செதுக்கி உளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.